மாத்திரைத் தெரு

“வேற ஏதாச்சும் வேணுமா அம்மணி?”

“வேணுங்க. ஆனா கேக்க மாட்டேன்.”

“கேட்டாத்தானே தெரியும்?”

“கேட்டா நீங்க செஞ்சு போட்டுருவீங்க மாமா. அதுக்குத்தான் கேக்கல. போங்க, மோட்டாரை ஓட விட்டுட்டு வந்திருக்கீங்க, பாத்தி ஒடஞ்சு போகும்.”

மூன்று வருஷத்துக்கு முன்னால், ஊசிமலைச் சோதனைச் சாவடியின் இரும்புக் கதவுக்கு அந்தப் பக்கம் சுகன்யாவும் இந்தப் பக்கம் அவள் புருஷன் பூபதியும் நின்று பேசிய பேச்சு அது. அவள் காலடியில் ஒரு குக்கரும், துணி மூட்டையும், சுருட்டி வைத்த பாயும் கிடந்தன. கதவு சாத்தியபோது சிரித்துக்கொண்டேதான் கையாட்டினாள். அந்தச் சிரிப்பை நம்பி அவன் வீட்டுக்குப் போய் மோட்டாரை நிறுத்தினான்.

அப்புறம் எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகளில் அதே கதவோரம் நின்று பேசியிருக்கிறார்கள். திரும்பி வரும் வழியெல்லாம் அந்தப் பேச்சு அவன் காதில் ஓடும். அவள் கேட்காமல் விட்டது என்ன? அவனுக்குத் தோன்றியது ஒன்றே ஒன்றுதான். ‘வீட்டுக்கு வரணும்’ என்பாள். வேறென்ன கேட்கப்போகிறாள்?

அந்தக் கதவு ஏன் வந்தது என்பதற்குப் பின்னால் ஒரு அவமானம் இருந்தது. ஊசிமலை மஞ்சள் என்றால் மருந்தடிக்காத மஞ்சள் என்று ஒரு காலத்தில் கப்பல் ஏறிப் போனது. பேர் பெருகியதும் திருட்டும் பெருகியது. கீழ்நாட்டில் மருந்தில் குளித்து வளர்ந்த மஞ்சளை வாங்கி, ஊசிமலைச் சாக்கில் கட்டி அனுப்பினார்கள். சோதிக்க வந்த அதிகாரிகளுக்குக் கோழி அடித்துப் போட்டார்கள். ‘மருந்தடிக்காதது’ என்ற முத்திரைகள் கடையில் மிட்டாய் போல் கிடைத்தன. கடைசியில் எங்கோ ஒரு ஊரில், சத்துணவில் கலந்த மஞ்சள் தூளால் பள்ளிப் பிள்ளைகள் வாந்தியெடுத்து ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். சாக்கில் ஊசிமலையின் பேர் இருந்தது. அன்றைக்கு ஊசிமலைப் பள்ளத்தாக்குக்காரர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

அந்த அவமானத்தைத் துடைக்கத்தான் சாட்சி வந்தது. விவசாயிகள் சங்கத்தின் செயலாளராக இருந்த பூபதியே அலையோ அலையென்று அலைந்து அதைக் கொண்டுவந்தான்.

சாட்சி என்பது கண்ணுக்குத் தெரியாத ஒரு நுண்ணுயிர். ஆய்வுக்கூடத்தில் பிறந்தது. மண்ணில் கலந்துவிட்டால் வேர் வழியாக ஏறிப் பயிரிலே தங்கிவிடும். கைக்கருவியைக் கிட்டே பிடித்தால் நீலமாகத் தெரியும். பள்ளத்தாக்கில் பறித்த அவரைக்காயைச் சென்னையில் ஒரு வீட்டு அடுப்படியில் வைத்துப் பார்த்தாலும் அந்த நீலம் தெரியும். ஆனால் மண்ணில் செயற்கைச் சரக்கு ஒரு துளி விழுந்தால் போதும், அந்த இடத்துச் சாட்சி செத்துவிடும். அதற்குக் கோழி அடித்துப் போட முடியாது.

“இயற்கை வெவசாயத்துக்குக் காவக்காரன் யாருன்னு பாத்தா, அவனே செயற்கை!” என்று சங்கத் தலைவர் ரங்கசாமி அப்போது கேலி செய்தார். எல்லாரும் சிரித்தார்கள். எல்லாரும் கைதூக்கினார்கள். சுகன்யாவும்தான்.

பூச்சிமருந்துக்கும் தலைவலி மாத்திரைக்கும் சாட்சிக்கு வித்தியாசம் தெரியாது என்பது மறு வருஷம்தான் விளங்கியது. ஒரு லாரி டிரைவர் வரப்போரம் ஒதுங்கிவிட்டுப் போனான். ஒரு பாத்தி முழுக்க நீலம் அணைந்தது. விசாரித்தால், காலையில் காய்ச்சலுக்கு ஒரு மாத்திரை போட்டிருக்கிறான். முதலில் அதையும் சிரித்துக்கொண்டேதான் பேசினார்கள். பிறகு சர்க்கரைக்கு மாத்திரை போடுகிற கிழவர் வியர்வை சிந்திய களம் அணைந்தது. ரத்தக்கொதிப்புக்காரி குளித்த தண்ணீர் பாய்ந்த வாழை அணைந்தது. ஓரிடம் அணைந்தாலும் பள்ளத்தாக்கு மொத்தத்துக்கும் முத்திரை போய்விடும் என்று முத்திரை வாரியம் சொன்னது. வாய்க்கால் எல்லாருக்கும் ஒன்று என்பதால் விதியும் ஒன்று.

அப்படித்தான் கதவு வந்தது. கதவுக்கு வெளியே, அடிவாரத்தில், மாத்திரை போடுகிறவர்களுக்கென்று ஒரு தெரு வந்தது. மாத்திரைத் தெரு. ஆஸ்துமாக்காரர்கள், வலிப்புக்காரர்கள், நெஞ்சுவலிக்காரர்கள், மனசு சரியில்லாதவர்கள். பள்ளத்தாக்கில் உள்ள வீடுகளுக்குத் தப்பாமல் அந்தத் தெருவில் ஒரு சொந்தம் இருந்தது. ரங்கசாமியின் அம்மாவே அங்கேதான் இருந்தாள். பொண்ணு பார்க்க வருகிறவர்கள் “தெருவுல உங்களுக்கு யாராச்சும் இருக்காங்களா?” என்று கேட்க ஆரம்பித்தார்கள். கல்யாணம் ஆகவேண்டிய பெண்கள் தைராய்டு மாத்திரையை நிறுத்திவிட்டு, வீங்கிய கழுத்தில் துப்பட்டாவைச் சுற்றிக்கொண்டார்கள்.

சுகன்யாவுக்கு இரண்டு சிறுநீரகமும் பழுதாகி, பூபதி தன்னுடையதில் ஒன்றைக் கொடுத்திருந்தான். பிள்ளை இல்லாத வீடு, இருக்கிறது அவள் ஒருத்திதான், கொடுக்காமல் என்ன செய்வான்? இன்னொருவர் உறுப்பை உடம்பு வேண்டாமென்று தள்ளிவிடாமல் இருக்க அவள் ஆயுசுக்கும் மாத்திரை போடவேண்டும். காலையும் மாலையும்.

“உங்க கிட்னி உங்களை மாதிரியேங்க மாமா. வந்த எடத்துல அடங்கி இருக்கத் தெரியல. தெனமும் ரெண்டு வேளை தாஜா பண்ண வேண்டியிருக்குது” என்பாள்.

போன கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, வேலிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு பூபதி சொன்னான்: “பொங்க நோம்பிக்கு உன்னைய வூட்டுக்குக் கூட்டிட்டுப் போறேன்.”

அவள் முகம் போன போக்கை அவனால் படிக்க முடியவில்லை. “வெளையாடாதீங்க” என்றாள்.

“செயலாளர் ஜீப்பை எவன் சோதிப்பான்? நாலு நாள் இருந்துட்டு வந்துரலாம். குளிக்கற தண்ணி ஒரு சொட்டு மண்ணுல படாம நான் பாத்துக்கறேன்.”

“நாலு நாளைக்கா?”

“ஆமா.”

அவள் கொஞ்ச நேரம் வேலியையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “சரிங்க” என்றாள்.

பொங்கலுக்கு முதல் நாள் ஜீப்பின் பின்சீட்டில் சாக்குகளுக்கு நடுவே அவளைப் படுக்க வைத்துக் கூட்டிவந்தான். வீட்டு வாசலில் இறங்கியதும் அவள் சமையலறைக்குப் போகவில்லை, பூஜை அறைக்குப் போகவில்லை. நேரே கட்டுத்தரைக்குப் போய் மாடுகளின் கழுத்தைக் கட்டிக்கொண்டாள்.

“அடையாளம் தெரியுதுங்க மாமா!”

“உன்னையவா? உன் கையில இருக்கற பழத்தையா?”

“போங்க, உங்களுக்குப் பொறாமை.”

பூபதி குளியலறைத் தண்ணீரையெல்லாம் பிளாஸ்டிக் டிரம்மில் பிடித்தான். கை கழுவிய தண்ணீர், வாய் கொப்பளித்த தண்ணீர் எதையும் விடவில்லை. சாயங்காலம் அதை ஜீப்பில் ஏற்றிச் சாவடிக்கு வெளியே கொண்டுபோய்க் கொட்டினான். முதுகு விட்டுப்போனது. அவள் வாசற்படியில் உட்கார்ந்து அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மாத்திரை போட்டியா?”

“காலையிலேயே முழுங்கியாச்சுங்க” என்று பையைத் தூக்கிக் காட்டினாள்.

பட்டி நோம்பி அன்றைக்குத்தான் அந்தக் காரியம் நடந்தது. மாடு குளிப்பாட்டுகிற நாள். தொட்டியடியில் அவன் மாடுகளைத் தேய்த்துவிட்டு, கொம்புக்குப் பூச வண்ணம் அரைத்து வர உள்ளே போனான். அரிசி மாவிலும் மஞ்சளிலும் வீட்டிலேயே செய்கிற வண்ணம். திரும்பி வந்து பார்த்தால், மோட்டார் ஓடிக்கொண்டிருக்கிறது. சுகன்யா குழாய்க்குக் கீழே தலையைக் கொடுத்து நிற்கிறாள். கல்யாணமான புதிதில் ஒவ்வொரு பட்டி நோம்பிக்கும் மாட்டோடு மாடாக நனைவாளே, அப்படியே. சேலையோடு, கண்ணை மூடிக்கொண்டு. அவள் மேல் விழுந்த தண்ணீர் வாய்க்காலில் இறங்கி மஞ்சள் காட்டுக்குள் ஓடிக்கொண்டிருந்தது.

வண்ணக் கிண்ணம் அவன் கையிலிருந்து விழுந்தது. “அடிப்பாவி! அம்மணி!”

அவள் கண்ணைத் திறந்தாள். ஓடிப்போய் மோட்டாரை நிறுத்தினான், மண்வெட்டியால் வாய்க்காலை வெட்டி அடைத்தான். அதற்குள் நாலைந்து பாத்தி குடித்துவிட்டது.

“மறந்துட்டேனுங்க மாமா” என்றாள். குரலில் பயமே இல்லை. அது அவனுக்கு அப்போது உறைக்கவில்லை. இவள் இப்படித்தான், விளையாட்டுப் புத்தி, என்று மட்டும் நினைத்துத் தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டான்.

மஞ்சள் வெட்டுக்கு முன் சாட்சியை வாசிக்கத் தை கடைசியில் வாரியத்திலிருந்து வருவார்கள். அதுவரைக்கும் பூபதி சரியாகத் தூங்கவில்லை. செய்ததைச் சங்கத்தில் சொல்லவேண்டும். செயலாளர் என்ற முறையில் அது அவன் எழுதிய விதி. சொன்னால் நானூறு குடும்பத்தின் மஞ்சள், வெறும் மஞ்சளாகிவிடும். சாட்சி திரும்ப உயிர் பிடிக்க மூன்று வருஷம் ஆகும். சொல்லாமல் விட்டாலும் கருவி சொல்லிவிடும். இடையில் இருக்கிற இந்தக் கொஞ்ச நாளை மட்டும் அவன் மனைவியோடு வாழ்ந்துவிட நினைத்தான். எப்படியும் கெட்டது கெட்டுப்போச்சு, அவள் இன்னும் கொஞ்சம் இருந்துவிட்டுப் போகட்டுமே. நாலு நாள், வாரங்களாக நீண்டது அப்படித்தான். அவளும் ‘எப்பப் போறது?’ என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

வீட்டுத் தண்ணீர் பட்டதும் அவள் கன்னம் பூரித்து வந்தது. “பாத்தியா, தெருவுல காஞ்ச கருவாடா இருந்தே. இங்க வந்ததும் முகம் எப்படி ஆயிருச்சு” என்றான். அவள் சிரித்தாள். சோறுதான் சரியாக இறங்கவில்லை. “நாக்குல ருசியே இல்லீங்க” என்று தட்டை நகர்த்துவாள். பகலில் நிறையத் தூங்கினாள்.

ஒருநாள் ரங்கசாமி வந்து வாசலிலேயே நின்றார். கொடியில் காய்ந்த சேலையைப் பார்த்தார்.

“மாப்ள, தனி ஆளுக்குச் சேலை எதுக்கு?”

பூபதி கொடியிலிருந்து சேலையை உருவினான்.

“எங்கம்மா போன வாரம் கேட்டுச்சு. ‘எதிர் வூட்டுப் புள்ள சுகன்யா எங்கடா காணோம்’னு. எனக்குத் தெரியாதுன்னு சொன்னேன்.” துண்டை உதறித் தோளில் போட்டார். “எங்கம்மாவுக்கு எம்பது வயசு. அதைய ஒரு நாளைக்குக் கூட்டிட்டு வரோணும்னு எனக்கு மட்டும் இருக்காதா? விதிய எழுதுனவன் நீ. வாசிப்பு வரட்டும், பேசிக்கலாம்.”

அவர் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

வாசிக்க வந்தவர் நசீமா என்ற அதிகாரி. திருச்சிக்காரர், முப்பது வயசிருக்கும். காலில் உறை மாட்டிக்கொண்டு, கையில் டார்ச் மாதிரிக் கருவியோடு பாத்தி பாத்தியாகக் குனிந்து நிமிர்ந்தார். பின்னால் ஊரே திரண்டு நின்றது. பூபதியின் காட்டுக்கு வந்தபோது வெயில் ஏறிவிட்டது.

பூபதி வாய்க்கால் முனையைப் பார்த்தான். ஏதாவது பேசவேண்டும் போலிருந்தது.

“ஏனுங் மேடம், மனுசன் திங்கற மாத்திரையவும் பூச்சிமருந்தையும் பிரிச்சுப் பாக்கற மாதிரி இதைச் செய்ய முடியாதுங்களா?”

“செய்யலாம் சார்” என்றார் நசீமா, குனிந்தபடியே. “நாங்களே யோசிச்சோம். ஆனா ஒரு சந்து விட்டா, அந்தச் சந்துலயே மருந்துக் கம்பெனிக்காரன் லாரியை ஓட்டிட்டு வருவான். பழைய கதை உங்களுக்குத் தெரியாததா? இதுக்குக் கண்ணு கிடையாது. அதனாலதான் உலகம் இதை நம்புது.”

“எவ்வளவு கம்மியா இருந்தாலும் காட்டிரும்ங்களா?”

“ஒரு அணைக்கட்டுத் தண்ணியில ஒரு சிட்டிகை உப்பு போட்டீங்கன்னா, அதைச் சொல்லிடும்.” கருவியை மண்ணுக்கு மேல் பிடித்தார். “இதோ பாருங்க.”

நீலம். அடைத்த வாய்க்காலின் வாயிலிருந்து கடைசி மஞ்சள் தூர் வரைக்கும், மேகமில்லாத வானத்தைப் பாத்தியில் விரித்துவிட்டது போல, ஓரிடம் விடாமல் நீலம்.

யாரோ விசில் அடித்தார்கள். ரங்கசாமி கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து பூபதியின் தோளைப் பிடித்து உலுக்கினார். அவர் கண் கலங்கியிருந்தது. “தப்பிச்சோம் மாப்ள. எப்படின்னு தெரியல, தப்பிச்சோம்!”

பூபதி மட்டும் மண்ணையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“மேடம்... மாத்திரை போடறவங்க ஒருத்தங்க இந்த வாய்க்கால்ல குளிச்சிருந்தாங்கன்னா?”

நசீமா சிரித்தார். “வாய்ப்பே இல்ல சார். குளிச்சிருந்தா இங்க இருட்டாத்தான் இருக்கும்.”

“ஒருவேளை நிறுத்தியிருந்தா? எத்தனை நாள்ல உடம்பு...”

“ரெண்டு வாரம், மூணு வாரம். அதுக்கப்புறம் உடம்புல ஒண்ணுமே இருக்காது. சுத்தமாயிடும்.” அவன் முகத்தைப் பார்த்துவிட்டு அவர் சிரிப்பு நின்றது. “ஏன் சார்? என்ன ஆச்சு?”

அவன் வரப்பில் ஓட ஆரம்பித்திருந்தான்.

சுகன்யா கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். வெளியே விசில் சத்தம் அவளுக்கும் கேட்டிருக்க வேண்டும். “நீலந்தானுங்களே?” என்றாள்.

பூபதி அவள் காலடியில் உட்கார்ந்து சேலைக் கரையை விலக்கினான். கணுக்கால் வீங்கிக் கிடந்தது. விரலால் அழுத்தினான். பள்ளம் விழுந்தது. விழுந்த பள்ளம் எழும்பவே இல்லை. பூரித்துப் போச்சு என்று தான் கொஞ்சிய கன்னத்தை அண்ணாந்து பார்த்தான். அதுவும் இதே வீக்கம்தான். எத்தனை நாள் பக்கத்தில் உட்கார்ந்து அதைப் பார்த்திருக்கிறான்.

“எப்ப நிறுத்துன?”

“மாமா...”

“எப்ப நிறுத்துன சுகன்யா?”

“நோம்பிக்குக் கூட்டிட்டுப் போறேன்னு சொன்னீங்கல்ல. அன்னைக்குச் சாயங்காலத்துல இருந்து.”

“நான்தான் டிரம்முல புடிச்சு...”

“டிரம்முல வேர்வையப் புடிப்பீங்களா? நடந்தா ஒட்டற மண்ணைப் புடிப்பீங்களா? நான் ஒரு நோம்பிக்கு வந்துட்டுப் போறதுக்கு நானூறு குடும்பம் நாசமாப் போகோணுமா? இந்த முத்திரைக்கு நீங்க எப்படி அலைஞ்சீங்கன்னு எனக்குத் தெரியாதா? நானும்தானே கைதூக்குனேன்.” அவளுக்கு இரைத்தது. நிறுத்தி, மூச்சு வாங்கிக்கொண்டாள். “நாலு நாள் இருந்துட்டுப் போயி மறுபடி ஆரம்பிச்சுக்கலாம்னுதான் நெனச்சேன். நீங்க போலாம்னே சொல்லல. எனக்கும் எந்திரிச்சுப் போக மனசு வல்ல.”

“ஏன் அம்மணி எங்கிட்டச் சொல்லல?”

“சொல்லியிருந்தா அந்த நிமிசமே ஜீப்புல ஏத்தியிருப்பீங்க.”

உண்மைதான். ஏற்றியிருப்பான். அவன் எழுந்து அவள் பையைத் துழாவி மாத்திரை அட்டைகளை வெளியே எடுத்தான். ஒன்றும் கிழிபடாமல் புதுசாக இருந்தன. தண்ணீர்ச் சொம்பைத் தேடினான். அவசரத்தில் கை தட்டிச் சொம்பு உருண்டது.

“இப்பவே போடு. போட்டுட்டு ஆஸ்பத்திரிக்குப் போலாம். டாக்டர் ஏதாச்சும் செய்வாரு. மண்ணு கெட்டா கெட்டுட்டுப் போகுது, எனக்கு இப்ப மண்ணு வேண்டாம்.”

“இங்க வேண்டாங்க. இத்தனை நாள் காத்தது வீணாப் போகும். கதவைத் தாண்டிப் போட்டுக்கறேன்.” அவள் அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். பிடியில் பலமில்லை. “போலாம் மாமா. ஊசி போடுவாங்க, படுக்க வெப்பாங்க. உங்க கிட்னி பொழச்சா பொழைக்கும். அப்புறம்?”

“அப்புறம் என்ன, பழையபடி...”

“பழையபடி வேலிக்கு அந்தப் பக்கம் நானு. இந்தப் பக்கம் நீங்க. ஞாயித்துக்கெழமை.”

வெளியே மேளம் கொட்டத் தொடங்கியிருந்தார்கள். ரங்கசாமி யாரையோ கூப்பிட்டு வெல்லம் கரைக்கச் சொல்கிற குரல் கேட்டது. பூபதி அவள் கையை இரண்டு கையாலும் மூடிக்கொண்டான்.

“அன்னைக்குக் கதவுகிட்ட ஒண்ணு கேக்கோணும், கேக்க மாட்டேன்னு சொன்னியே. வூட்டுக்கு வரோணும்கறதுதானே? அதைச் செய்யப் போயித்தானே இப்படி ஆச்சு?”

அவள் தலையை ஆட்டினாள். இல்லையென்று. மெதுவாக, திரும்பத் திரும்ப ஆட்டினாள்.

“அது இல்லியா? பின்ன என்ன? சொல்லு அம்மணி. இப்பவாச்சும் சொல்லிரு.”

சொல்லலாமா என்பது போல அவனைப் பார்த்தாள். ஜன்னலுக்கு வெளியே தாள் முதிர்ந்து நின்ற மஞ்சள் காட்டைப் பார்த்தாள். அதில் அவன் போட்ட ஒவ்வொரு பாத்தியும் அவளுக்குத் தெரியும். தன் உடம்பிலிருந்து ஒரு பாகத்தை அறுத்துக் கொடுக்க அவன் ஒரு நாள்கூட யோசித்ததில்லை. ஆனால் இந்த மூன்று வருஷத்தில், அந்தக் கதவைத் தாண்டி நாலடி எடுத்து வைக்க வேண்டும் என்று அவனுக்குத் தோன்றியதே இல்லை. கோபத்தோடு அல்ல, யாரிடமோ கடன் கேட்பவளைப் போலக் கூச்சத்தோடு, அவள் வாய் திறந்தாள்.

“நீங்களும் தெருவுக்கு வந்து எங்கூட இருங்க மாமா.”